டயலில் மறுபடியும் சிலோன்

வால்வ் ரேடியோவின் குரல் என்றால் எனக்கு உயிர். ஸ்விட்சைத் திருகியதும் உடனே பாடிவிடாது அது. உள்ளே இழைகள் மெல்லச் சிவக்க வேண்டும், சூடேற வேண்டும். அரை நிமிஷமாவது ஆகும். அதற்குள் பெட்டிக்குள்ளிருந்து சூடான மெழுகும் தூசியும் கலந்த ஒரு வாசனை கிளம்பும். பிறகு அடித்தொண்டையில் ஒரு மெல்லிய உறுமல். அதன் மேலேறி வரும் மனிதக் குரல். தவில் அடித்தால் மேஜை அதிரும். நாதஸ்வரம் வந்தால் அந்த அறைக்குள் வேறு எதற்கும் இடமில்லை. கைப்பேசியில் ஊர்ப்பட்ட பாட்டு வைத்திருக்கிறேன். எந்தப் பாட்டும் அந்த மரப்பெட்டிக்குள்ளிருந்து வருகிற மாதிரி என் நெஞ்சுக்குள் வந்ததில்லை.

இத்தனை நாளும் நான் குரலைத்தான் கொண்டாடிக்கொண்டிருந்தேன். குண்டலுபேட்டையில் மாமா வீட்டு மர்ஃபி ரேடியோ கைக்கு வந்த பிறகுதான் டயலின் அருமை தெரிந்தது. அந்த செட்டில் டயல் கண்ணாடியே இல்லை.

குண்டலுபேட்டையில் இறங்காதவர்கள்கூட அதைக் கடந்து போயிருப்பார்கள். மைசூரிலிருந்து வரும் சாலை அங்கேதான் இரண்டாகப் பிரிந்து, ஒன்று பந்திப்பூர் வழியாக ஊட்டிக்கும் மற்றது வயநாடு வழியாகக் கோழிக்கோட்டுக்கும் போகிறது. ஆடி, ஆவணியில் சாலையின் இரு பக்கமும் செண்டுமல்லியும் சூரியகாந்தியும் பூத்து நிற்க, கார்களை ஓரங்கட்டிவிட்டு ஜனங்கள் படம் எடுப்பார்கள். மைசூர் மாவட்டத்தில் இருந்த ஊர், 1997-இல் சாமராஜநகர் மாவட்டம் பிரிந்தபோது அதோடு போனது. இன்றைக்கும் துணி எடுக்க, ஆஸ்பத்திரிக்குப் போக, எல்லாவற்றுக்கும் மைசூர்தான். ஊர்மொழி கன்னடம்; சந்தைக்குள் நுழைந்தால் தமிழும் மலையாளமும் தாராளமாகப் புழங்கும். சத்தியமங்கலம் பக்கத்திலிருந்து மஞ்சள் வியாபாரத்துக்கு வந்த மாமா அங்கேயே வீடு கட்டிக்கொண்டார்.

ரேடியோப் பிரியனுக்கு இதைவிட நல்ல ஊர் அமையாது. மூன்று மாநிலங்களும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. மீடியம் வேவில் ஒரே முள்ளை நகர்த்தி பெங்களூரின் கன்னடம், கோழிக்கோட்டின் மலையாளம், திருச்சியின் தமிழ், கோவையின் தமிழ் என்று கேட்டுக்கொண்டே போகலாம். அந்த வீட்டுக்கு இந்த செட்டை வாங்கிய மாமா எத்தனை ரசனைக்காரராக இருந்திருக்க வேண்டும் என்று நினைத்து நினைத்து மகிழ்கிறேன்.

அத்தைக்கு முதலில் நம்பிக்கையே இல்லை. "அதுல கண்ணாடியே இல்லியே கண்ணு, என்னத்தப் பாத்து டேசன் வெப்பே?" என்றார். பரணிலிருந்து இறக்கியபோது செட்டின் முன்பக்கத்தில் ஒரு நீளமான பள்ளம்தான் இருந்தது. நடுவே துருப்பிடித்த முள் சாய்ந்து தொங்கியது. நூல் அறுந்து கிடந்தது. முதுகுப் பலகையின் உட்பக்கம் மட்டும் ஒரு பொக்கிஷம்: தபாலாபீஸ் முத்திரை விழுந்த பழைய லைசென்ஸ் புத்தகம். ரேடியோ வைத்துக்கொள்ள வருஷாவருஷம் தபாலாபீஸில் பணம் கட்டிய காலம் அது. அந்த வழக்கம் 1980களின் நடுவில்தான் ஒழிந்தது. ஒரு வருஷம்கூட விடாமல் மாமா கட்டியிருக்கிறார்.

ஊரில் ஒரு பாய் இருக்கிறார். டி.வி. வந்தும், டி.வி. போய் எல்லாம் கைப்பேசியான பின்னும், வால்வ் செட்டைக் கைவிடாதவர். கன்னடம், தமிழ், உருது மூன்றையும் ஒரே வாக்கியத்தில் பேசுவார். செட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாட வெச்சிடலாம் சார். ஆனா நோடி, டயல் இல்லாத செட்டு போர்டு இல்லாத பஸ்ஸு. ஓடும், எங்க போகுதுன்னு யாருக்கும் தெரியாது" என்றார். அந்த வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. டயலோடுதான் இந்த செட் பாட வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

முதலில் மின்சார வேலை. இதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பரணிலிருந்து இறக்கிய செட்டின் பிளக்கை நேராகச் சுவரில் சொருகுவது பாவம். பாய் சீரீஸில் ஒரு குண்டு பல்பு போட்டு, டிம்மர்ஸ்டாட்டில் வோல்டேஜைக் கொஞ்சங் கொஞ்சமாக ஏற்றுவார். பல்பு பளிச்சென்று எரிந்தால் உள்ளே ஷார்ட் இருக்கிறது, மங்கினால் பயமில்லை. அதற்கும் முன்னால், கண்ணை மூடிக்கொண்டு மாற்ற வேண்டிய ஒரு பொருள் உண்டு: அவுட்புட் வால்வின் கிரிட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் கப்ளிங் கண்டென்ஸர். அந்தக் காலத்துக் காகிதக் கண்டென்ஸர்களில் ஈரம் இறங்கிக் கசியும். கசிந்தால் முந்தின வால்வின் பிளேட்டிலுள்ள டி.சி. வோல்டேஜ் கிரிட்டுக்கு வந்துவிடும். வால்வ் அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்துச் சிவக்கும். கூடவே அவுட்புட் டிரான்ஸ்பார்மரையும் கருக்கும். ஒரு சின்ன பாலியெஸ்டர் கண்டென்ஸர், விலை சில ரூபாய், அந்த டிரான்ஸ்பார்மரைக் காப்பாற்றுகிறது. எங்கள் செட்டில் காகிதக் கண்டென்ஸர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம். பில்டர் கண்டென்ஸரின் அலுமினியக் குடுவையை மட்டும் பார்வைக்காக அப்படியே நிற்கவிட்டு, புதியதைச் சாசிஸுக்கு அடியில் மறைத்து வைத்தோம். ஈ.சி.எச். 81 உயிரோடிருந்தது. ஈ.எல். 84 உயிரோடிருந்தது. பச்சைக் கண் காட்டும் மேஜிக் ஐ வால்வ்கூட, மங்கலாக, உயிரோடிருந்தது! ஸ்பீக்கரின் கோனில் ஒரு கிழிசல். மெல்லிய காகிதமும் பசையும் அதற்குப் போதும்.

செட் பாடியது. பெங்களூரா, திருச்சியா என்பது அறிவிப்பாளர் வாய் திறந்தால்தான் தெரிந்தது. இனி டயல்.

டயல் என்றால் கண்ணாடியில் ஊர்ப் பெயர்களை எழுதி முன்னால் மாட்டுவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். டயல் அந்த செட்டின் கேங் கண்டென்ஸருக்கும் காயிலுக்கும் கட்டுப்பட்டது. நாப்பைத் திருப்பும்போது கேங்கின் தகடுகள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து விலகுகின்றன. அதற்கேற்ப அலைவரிசை மாறுகிறது. ஆனால் அந்த மாற்றம் சீராக இராது. 600-க்கும் 700-க்கும் உள்ள இடைவெளி வேறு, 1400-க்கும் 1500-க்கும் உள்ள இடைவெளி வேறு. தகடுகளின் வளைவை எப்படி வெட்டியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது. வேறொரு மாடலின் டயலை மாட்டினால் முள் திருச்சியில் நிற்கும், காதில் கோழிக்கோடு விழும். எனவே இந்த செட்டின் டயலை இந்த செட்டையே கேட்டுத்தான் வரைய வேண்டும். அதுதான் இந்த வேலையின் பெரும் சுகம்!

நூலிலிருந்து ஆரம்பித்தோம். டயல் நூல் கட்டுவது ஒரு கலை. பெரிய டிரம்மில் சுற்றி, சின்ன புல்லிகளில் வளைத்து, நாப்பின் தண்டில் சில சுற்று போட்டு, ஸ்பிரிங்கில் கொண்டுபோய் மாட்ட வேண்டும். தளர்ந்தால் வழுக்கும், இறுகினால் முள் குதிக்கும். பாயின் விரல்கள் அதைச் செய்யும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். கேங் முழுதாக மூடியிருக்கும்போது முள் இடது கோடியில் நிற்க வேண்டும். அந்த இடத்தில் பின்பலகையில் ஒரு கீறல் போட்டுக்கொண்டோம். இந்தக் கீறல்தான் எல்லா அளவுக்கும் ஆரம்பம்.

அடுத்து ஐ.எஃப். (இடைநிலை அலைவரிசை) டின்களைச் சரிசெய்து, ஆசிலேட்டரை ஒழுங்குக்குக் கொண்டுவந்தோம். கீழ்க்கோடியில், 600 பக்கம், காயிலின் கோரைத் திருக வேண்டும். மேல்கோடியில், 1500 பக்கம், டிரிம்மரைத் திருக வேண்டும். ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கொஞ்சம் நகரும். திரும்பத் திரும்ப இரண்டு கோடிக்கும் போய்வர வேண்டும். கடைசியில் இரண்டும் ஒருசேர அடங்கும் நிமிஷம் வரும். அந்த நிமிஷத்துக்காக எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம்.

இனிமேல்தான் வரைபடம். முள்ளுக்குப் பின்னால் டிரேசிங் ஷீட்டை ஒட்டினோம். சிக்னல் ஜெனரேட்டரில் 550 கிலோஹெர்ட்ஸ் வைத்து, நாப்பைத் திருப்பி, மேஜிக் ஐ-யின் பச்சை மூடிக்கொள்ளும் இடத்தில் கூர்மையான பென்சிலால் ஒரு கோடு. அப்புறம் 600. அப்புறம் 650. இப்படியே 1600 வரை. கோடுகள் ஒவ்வொன்றாகத் தாளில் விழ விழ, இந்தப் பெட்டியின் வயிற்றுக்குள் இத்தனை வருஷமாக மறைந்திருந்த தேசப்படம் வெளியே வருவதைப் பார்த்தேன். பெங்களூர் 612 இங்கே. கோழிக்கோடு 684 இங்கே. சென்னை 720. திருச்சி 936. கோவை 999. பழைய டயல்கள் மீட்டரிலும் பேசும் என்பதால் அதையும் கணக்கிட்டேன்: மூன்று லட்சத்தைக் கிலோஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டர். திருச்சிக்கு 320 மீட்டர் சொச்சம்.

ஷார்ட் வேவில் ஒரு பொறி இருக்கிறது. ஜெனரேட்டரில் ஒரே அலைவரிசையை வைத்தாலும் டயலில் அது இரண்டு இடத்தில் கேட்கும். ஒன்று நிஜம், மற்றது அதன் நிழல். இரண்டுக்கும் இடையே ஐ.எஃப். அளவைப் போல இரு மடங்கு தூரம், 455 ஐ.எஃப். என்றால் 910 கிலோஹெர்ட்ஸ். ஆசிலேட்டர் மேலே ஓடுகிற இந்த மாதிரி செட்டில் நிழல் கீழ்ப்பக்கம் விழும். ஆகவே இரண்டில் கேங் அதிகமாகத் திறந்திருக்கும் இடமே நிஜம். பாய் இதைக் காதாலேயே சொல்லிவிடுவார். நிஜம் எப்போதும் கொஞ்சம் பலமாக நிற்கும் என்பார்.

25 மீட்டர், 31 மீட்டர், 41 மீட்டர். இந்த எண்களைக் குறிக்கும்போது எனக்குக் கை சிலிர்த்தது. ரேடியோ சிலோன் வாழ்ந்த தெருக்கள் இவை. 1952-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கியது; இந்தியா முழுக்க முள் இலங்கைப் பக்கம் திரும்பியது. வடக்கே அறிவிப்பாளர் அமீன் சயானியின் குரல், நம் பக்கம் மயில்வாகனனின் குரல். 1957 அக்டோபர் 3-ஆம் தேதி விவித் பாரதி பிறந்ததே அந்த நேயர்களை மீட்கத்தான். அந்தக் காலத்து இந்திய டயல்களில் டெல்லி, மெட்ராஸுக்குச் சமமான எழுத்தில் சிலோன் என்றும் இருக்கும். அரசாங்கம் எதை ஒலிபரப்பினாலும், ஜனங்கள் எதைக் கேட்டார்கள் என்பதற்கு அந்தக் கண்ணாடிதான் சாட்சி.

மைசூர்க்காரர்கள் இந்த இடத்தில் நெஞ்சை நிமிர்த்தலாம். மகாராஜா கல்லூரியில் உளவியல் பேராசிரியராக இருந்த எம்.வி. கோபாலசாமி 1935-இல் தன் வீட்டிலேயே ஒரு வானொலி நிலையம் தொடங்கினார். வீட்டுக்குப் பெயர் விட்டல் விஹார். டிரான்ஸ்மிட்டரின் பலம் வெறும் 30 வாட். நிலையத்தின் பெயர் ஆகாசவாணி. நாட்டின் வானொலி பின்னால் அந்தப் பெயரையே தனக்கும் எடுத்துக்கொண்டது. ஒரு குண்டு பல்புக்கும் போதாத மின்சக்தியில் ஒரு பேராசிரியர் தொடங்கிய காரியம்! குண்டலுபேட்டையில் ஒரு ரேடியோவுக்கு உயிர் கொடுக்கிறவன் அந்த மனிதரை நினைக்காமல் வேலையை முடிக்கக் கூடாது. இன்றைய மைசூர் வானொலி எஃப்.எம். 100.6-இல் வருகிறது, இந்த செட்டுக்கு எஃப்.எம். கிடையாது. அதனால் பக்கத்திலிருக்கும் மைசூரை டயலில் போடவில்லை. இந்த செட் எட்டவே முடியாத அலைவரிசைக்கு ஒரு கோடு போடுவதற்கு எனக்குச் சம்மதமில்லை.

எந்தெந்த ஊர், எந்த எழுத்து, எந்த நிறம் என்பதற்கு, இதே மாடலை வைத்திருக்கும் சேகரிப்பாளர் ஒருவர் தன் செட்டின் படத்தை அனுப்பினார். அடர்ந்த பழுப்புத் தரை, வெண்ணெய் நிற எழுத்து, மீட்டர் எண்களுக்கு மட்டும் சிவப்பு. படத்திலிருந்து எழுத்தையும் நிறத்தையும்தான் எடுத்துக்கொண்டேன். இடங்கள் எல்லாம் எங்கள் டிரேசிங் ஷீட்டிலிருந்து. ஷீட்டின் மேல் ஒரு ஸ்டீல் ஸ்கேலையும் வைத்து ஸ்கேன் செய்தோம். அப்போதுதான் கணினியில் அளவு ஒரு மயிரிழையும் பிசகாது. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடைப் பையன் கோரல்டிராவில் ஒவ்வொரு கோட்டையும் பென்சில் கோட்டின் மேல் பொருத்தினான். என்ன பொறுமை அந்தப் பையனுக்கு!

கண்ணாடிக்கு ஜன்னல் கண்ணாடிக் கடைக்குப் போகாதீர்கள். அங்கே கிடைப்பது தடிமன். சாமி படத்துக்குச் சட்டம் போடும் கடையில் 2 மில்லிமீட்டர் படக்கண்ணாடி இருக்கும். வெட்டி வாங்கி, விளிம்பைத் தண்ணீர் விட்டுச் சாணைக்கல்லில் தேய்த்தால் போதும்.

அச்சு விழுவது கண்ணாடியின் பின்பக்கத்தில். தஞ்சாவூரில் கண்ணாடி ஓவியம் தீட்டுகிறவர்களின் வழிதான் இதற்கும். இடவலம் மாற்றி எழுத வேண்டும். முன்னால் தெரிய வேண்டியதை முதலில் போட வேண்டும். நகையும் கண்ணும் முதலில், பின்னணி கடைசியில் என்பது அவர்கள் கணக்கு. எங்களுக்குச் சிவப்பு எண்கள் முதலில், வெண்ணெய் நிற எழுத்து இரண்டாவது, எல்லாவற்றையும் மூடுகிற பழுப்பு கடைசியில். பத்திரிகைக்குப் போடும் மை கண்ணாடியில் நகத்தால் சுரண்டினாலே வந்துவிடும். கெட்டிப்படுத்தும் திரவம் கலந்த கண்ணாடி மைதான் பிடிக்கும். கண்ணாடியை ஸ்பிரிட்டால் துடைத்து, விரல் படாமல் விளிம்பில் பிடித்து, ஸ்கிரீனை இறக்கி, ரப்பர் பட்டையால் ஒரே இழுப்பு. மூன்றாவது நிறம் விழுந்து, அந்தப் பையன் கண்ணாடியைத் திருப்பிக் காட்டினான் பாருங்கள், கடையில் நின்றிருந்த எல்லோரும் கிட்ட வந்துவிட்டார்கள். தன் பெண்ணின் கல்யாணப் பத்திரிகைக்கு வந்திருந்த ஒரு பெரியவர் கண்ணாடியைக் கையில் வாங்கி, கன்னடத்தில் ஊர்களை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினார்.

விளக்கு விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். வெள்ளை எல்.இ.டி. போட்டால் டயல் செத்துவிடும். 6.3 வோல்ட் குட்டி பல்புகள் இன்னும் கிடைக்கின்றன. அந்த மஞ்சள் வெளிச்சம் பின்னாலிருந்து எழுத்துகளில் ஊறி வரும்போதுதான் இது ரேடியோ.

இன்றைக்குக் கிடைக்கும் நிலையங்களை என்ன செய்வது? கண்ணாடி பழைய டயலாகவே இருக்கட்டும். ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பிலிமில் இன்று குண்டலுபேட்டையில் கேட்கும் நிலையங்களைத் தமிழிலும் கன்னடத்திலும் அச்சடித்து, கண்ணாடிக்குப் பின்னால் நுழைத்து எடுக்கிற மாதிரி வைத்தோம். ஒரு நிலையம் நின்றுபோனால், பிலிமை மாற்றிக்கொள்ளலாம். இந்த யோசனையில் எனக்குள்ள திருப்திக்கு அளவே இல்லை.

கண்ணாடியை மாட்டி, முள்ளைக் கீறலில் நிறுத்தி, அத்தையை உட்கார வைத்தோம். பந்திப்பூர்க் காட்டுச் சாலைகளை இரவு 9 மணிக்கு மூடி, காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள். அதற்கப்புறம் லாரிச் சத்தம் அடங்கிவிடும். மீடியம் வேவுக்கும் அதுதான் நேரம். பகலில் இந்த அலைகளை விழுங்கிவிடும் அயனிமண்டலத்தின் கீழடுக்கு சூரியன் சாய்ந்ததும் கலைந்துவிடும். மேலடுக்கில் பட்டுத் திரும்பி, தூரத்து நிலையங்கள் எல்லாம் வந்து சேரும். அத்தை நாப்பைத் திருப்பினார். முள் திருச்சி என்ற எழுத்தின் மேல் போய் நின்றது. திருச்சி கேட்டது. எழுத்தின் நட்ட நடுவில்! பாய் கையைத் தட்டிவிட்டார். அத்தை நிறுத்தவில்லை. பேண்ட் ஸ்விட்சை ஷார்ட் வேவுக்குத் தள்ளி, 41 மீட்டருக்குப் பக்கத்தில் சிலோன் என்ற எழுத்தின் மேல் முள்ளைக் கொண்டுபோய் வைத்தார். அங்கே இரைச்சல்தான் இருந்தது. "உங்க மாமா காலைல எந்திரிச்சதும் இங்கதான் வெப்பாரு. நான் சமையல்கட்டுல இருந்தே கேப்பேன்" என்றார். வால்யூமைக் கொஞ்சம் கூட்டிவிட்டு, மறுபடி திருச்சிக்கு வந்தார்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு செட் இருக்கலாம். டயல் உடைந்திருந்தால் சில்லுகளைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். விரல் நகம் அளவு சில்லு கிடைத்தாலும் எழுத்தின் உயரமும் நிறமும் அதிலிருந்து கிடைக்கும். முழுசாக இருந்தால் இன்றைக்கே ஸ்கேன் எடுத்து வையுங்கள். ஈரத்துணியால் பின்பக்கத்தை மட்டும் துடைக்கவே துடைக்காதீர்கள்; அறுபது வருஷத்துப் பெயின்ட் துணியோடு வந்துவிடும், தூசியைத் தட்ட ஒரு மெல்லிய பிரஷ் போதும். பாயின் மேஜையில் இப்போது ஒரு புஷ் செட் வந்து நிற்கிறது. டயலின் வலது பாதி இல்லை. டிரேசிங் ஷீட் வாங்கியாயிற்று.